மலைத்தோட்டத்து வாசிப்பு வட்டத்துக்கு எந்தக் கதை? தனிப்பண்ணை மணவாழ்வைப் பற்றிய நான்கு புனைவுகள்: ஓர் ஒப்பீடு

பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை எனக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே கூடும் சிறிய வாசிப்பு வட்டங்களிலிருந்து சில காலமாக ஒரே கேள்வி வந்துகொண்டிருக்கிறது. ஊரை விட்டு விலகிய பண்ணையில் வாழும் கணவன் மனைவியைப் பற்றிய, அந்த வாழ்வின் தனிமையையும் கசப்பையும் மழுப்பாமல் சொல்லும் ஒரு புனைவை மழைக்காலத்தில் எடுத்துப் பேச விரும்புகிறோம், நான்கு பெயர்கள் அடிபடுகின்றன, எதைத் தேர்வது என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் சிலர் தலைமுறைகளாகத் தோட்டத்திலேயே இருப்பவர்கள். மற்றவர்கள் சென்னையிலோ கோவையிலோ பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, இரண்டு மூன்று ஏக்கர் வாங்கி, மிளகுக்கொடியும் மலைவாழையும் வைத்துக் குடியேறிய தம்பதிகள். இந்த இரண்டாம் வகையினர் கேட்கும்போது, கேட்ட கேள்விக்குள் கேட்காத கேள்வி ஒன்றும் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன். அதற்கு ஒரு கட்டுரை பதில் சொல்ல முடியாது. ஆனால் அதை மறந்துவிட்டு நூல் பரிந்துரைப்பதும் பொறுப்பான காரியம் ஆகாது.

அடிபடும் நான்கு பெயர்கள் இவை: எடித் வார்ட்டனின் ‘ஈத்தன் ஃப்ரோம்’, சூசன் கிளாஸ்பெல்லின் ‘எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்’, ஜான் ஸ்டைன்பெக்கின் ‘தி கிரிஸாந்திமம்ஸ்’, டோரிஸ் லெஸ்ஸிங்கின் ‘தி கிராஸ் இஸ் சிங்கிங்’. நான்குமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் வாசித்துவிட்டுத் தமிழில் பேசுவதுதான் பெரும்பாலான வட்டங்களின் வழக்கம் என்பதால் அதையே இங்கும் எடுத்துக்கொள்கிறேன்.

## எதைக் கொண்டு அளப்பது

கதையில் வரும் தனிமைக்குக் காரணம் காட்டப்படுகிறதா, அல்லது அது வெறும் மூடுபனியாகப் பின்னணியில் தொங்குகிறதா என்பதே என் முதல் அளவுகோல். கொடைக்கானலுக்கு மேலே உள்ள பூம்பாறை ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வீடுகள் நெருங்கி வரிசை கட்டி நிற்கின்றன, பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் அடுக்கு நிலங்கள் ஊரைச் சுற்றிக் கிடக்கின்றன, காலையில் நிலத்துக்குப் போனவர்கள் மாலையில் தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நீலகிரியில் படகர்களின் ஊர்களான ஹட்டிகளும் அப்படித்தான். நம் மலைகளில் உழவர் வாழ்வு என்பது பெரும்பாலும் தெரு வாழ்வு. தனித்து நிற்கும் வீடு எஸ்டேட்டோடு வந்தது. இப்போது நகரத்திலிருந்து நிலம் வாங்க வருகிறவர்களோடு மறுபடியும் பெருகுகிறது.

அமெரிக்கச் சமவெளியில் நிலைமை நேர்மாறு. 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் 160 ஏக்கர் நிலத்தைச் சிறு கட்டணத்துக்குக் கொடுத்தது. ஆனால் பெறுகிறவர் அந்த நிலத்திலேயே வீடு கட்டி, 5 ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்ய வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. அரை மைல் நீளம், அரை மைல் அகலம் கொண்ட சதுரத் துண்டுகள் அவை. ஒரு துண்டுகூடத் தரிசாக விடப்படாமல் எல்லோரும் குடியேறினாலும், அடுத்த வீடு சராசரியாக 800 மீட்டர் தள்ளித்தான் இருக்கும். 1893-இல் இ. வி. ஸ்மாலி என்ற பத்திரிகையாளர் ‘அட்லாண்டிக் மன்த்லி’ இதழில் இந்த வாழ்வைப் பற்றி எழுதிய கட்டுரையில், சமவெளி உழவர்களிடமும் அவர்களின் மனைவியரிடமும் மனநோய் கவலைக்குரிய அளவில் காணப்படுவதாகச் சொல்லி, ஐரோப்பிய உழவர்களைப்போல் ஊராகக் கூடி வாழுமாறு யோசனை கூறினார். யோசனை எடுபடவில்லை. எனவே அந்த நாட்டுப் பண்ணைக் கதைகளில் வரும் தனிமை, ஓரளவேனும், நில அளவைக்காரரும் சட்டமும் சேர்ந்து வரைந்த தனிமை. இதை அறிந்துகொண்டு வாசிப்பதும் அறியாமல் வாசிப்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது, மணவாழ்வின் கசப்பில் இரு தரப்பும் நம் காதில் விழுகின்றனவா என்பது. ஒருவர் மட்டும் பேசும் கதை கலைக்குறை உடையது என்று நான் சொல்லவில்லை. கூட்டத்தில் விவாதிக்கும்போது பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்பதை அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது, கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் அறையில் இதைப் பேச முடியுமா என்பது. கதை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், வீட்டுக்குத் திரும்பும் ஜீப்பில் யாரும் யாரோடும் பேசாமல் போகும்படி ஆகிவிட்டால், அடுத்த கூட்டத்துக்கு ஆள் குறையும்.

நான்காவதாக நடைமுறைச் செலவுகள் வருகின்றன: நீளம், மொழிக் கடினம், பதிப்புரிமை. பதிப்புரிமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கிறது. வார்ட்டன் 1937-இலும் கிளாஸ்பெல் 1948-இலும் காலமானார்கள். ஆகவே அவர்களுடைய கதைகளைத் தமிழாக்கி, நகலெடுத்து, வட்டத்தில் எல்லோருக்கும் கொடுக்கத் தடையில்லை. ஸ்டைன்பெக் இறந்தது 1968-இல். 2028 முடியும்வரை காத்திருக்க வேண்டும். லெஸ்ஸிங் 2013-இல்தான் மறைந்தார். ஆங்கிலம் தயங்குகிற உறுப்பினர்கள் பாதிப்பேர் இருக்கும் வட்டத்தில் இந்த ஒரு காரணமே தேர்வை முடித்துவைக்கக்கூடும்.

| படைப்பு | ஆண்டு | களம் | அளவு | யார் கண்ணால் |
|---|---|---|---|---|
| ஈத்தன் ஃப்ரோம் | 1911 | மாசசூசெட்ஸ், பனிக்காலம் | குறுநாவல் | கணவன் (வெளியூர்க்காரர் ஒருவர் வழியாக) |
| எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ் | 1917 | அமெரிக்கச் சமவெளிப் பண்ணை, மார்ச் மாதக் குளிர் | நீண்ட சிறுகதை | அண்டை வீட்டுப் பெண் |
| தி கிரிஸாந்திமம்ஸ் | 1937 | கலிபோர்னியா, சலினாஸ் பள்ளத்தாக்கு, டிசம்பர் | சிறுகதை | பெரும்பாலும் மனைவியை ஒட்டி |
| தி கிராஸ் இஸ் சிங்கிங் | 1950 | தெற்கு ரொடீசியா (இன்றைய ஜிம்பாப்வே), கடும் வெயில் | நாவல் | முதன்மையாக மனைவி |

## ஈத்தன் ஃப்ரோம்

28 வயது ஈத்தன். அவனைவிட 7 வயது மூத்தவளும் எந்நேரமும் நோயைப் பேசுகிறவளுமான மனைவி ஜீனா. வீட்டு வேலைக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருக்கும் ஜீனாவின் உறவுக்காரப் பெண் மாட்டி. மூவரும் ஒரே கூரைக்குக் கீழ், பனி வழியை அடைத்துக்கொள்ளும் ஒரு பண்ணை வீட்டில் இருக்கிறார்கள். ஈத்தனின் மனம் மாட்டியின் பக்கம் சாய்கிறது. மீதியை யூகிக்கலாம், ஆனால் முடிவை மட்டும் யாரும் யூகித்துவிட முடியாது.

முதல் அளவுகோலில் இந்தக் குறுநாவலுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். ஈத்தனின் தாய் ஒரு காலத்தில் வாய் ஓயாமல் பேசியவள். வீட்டு வாசலை ஒட்டிய சாலையில் எந்நேரமும் வண்டிகளும் ஆட்களும் போய்வந்துகொண்டிருந்தார்கள். ரயில் பாதை வேறு பக்கமாகப் போடப்பட்டதும் அந்தச் சாலையில் நடமாட்டம் ஓய்ந்துவிட்டது. என்ன ஆயிற்று, ஏன் யாரும் வருவதில்லை என்று புரியாமலேயே அவள் பேச்சை இழக்கிறாள். அவளைக் கவனிக்க வந்த ஜீனாவின் குரல் அந்த வீட்டின் மௌனத்தைக் கலைக்கிறது. தாய் இறந்ததும், மறுபடியும் அந்த மௌனத்தில் தனியாக மாட்டிக்கொள்ளும் பயத்தில், ஈத்தன் அவளை மணந்துகொள்கிறான். சாவு குளிர்காலத்தில் நேராமல் வசந்தத்தில் நேர்ந்திருந்தால் இந்தக் கல்யாணமே நடந்திருக்காது என்று பின்னாளில் அவன் நினைக்கும் இடம் உண்டு. பிறகு ஜீனாவும் பேச்சை நிறுத்துகிறாள். புதிய தார்ச்சாலை வேறு வளைவில் போனதும் பழைய நடைபாதையோரத்து டீக்கடையும் அதன் பின்னால் இருந்த வீடும் என்ன ஆயின என்பதை நம் மலையில் பார்த்தவர்களுக்கு இந்தப் பகுதியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கிட்டப் பார்க்க வேண்டிய பொருள் ஒன்று இதில் உண்டு. ஜீனாவுக்குக் கல்யாணப் பரிசாக வந்த சிவப்புக் கண்ணாடி ஊறுகாய்த் தட்டு அது. விருந்தினர் வந்தால்கூட எடுக்காமல் அலமாரியின் உச்சித் தட்டில் அதை வைத்திருக்கிறாள். அவள் வைத்தியரைப் பார்க்க வெளியூர் போயிருக்கும் இரவில், மாட்டி அதை இறக்கி மேசையில் வைக்கிறாள், பூனை தட்டிவிடுகிறது, உடைகிறது. நோயைத் தவிர வேறெதையும் பேசாதவள்போல் தோன்றிய ஜீனா, துண்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு அழும்போது, புழங்காமலே வைத்திருந்த ஒரு கல்யாணம் நம் கண்ணெதிரே கிடக்கிறது. எவர்சில்வர் பாத்திரத்தைப் பரணில் துணி சுற்றி வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இந்தக் காட்சி புரியும்.

மறைந்திருக்கும் செலவு, பார்வையில் இருக்கிறது. பல ஆண்டுகளுக்குப் பின் அந்த ஊருக்கு வேலையாக வந்த ஒரு பொறியாளர், கேட்டதையும் கண்டதையும் வைத்துக் கதையைக் கட்டுகிறார். அந்தக் கட்டுமானம் ஈத்தனின் நெஞ்சுக்குள் மட்டும்தான் போகிறது. ஜீனா எப்போதும் வெளியிலிருந்தே பார்க்கப்படுகிறாள்: நீண்ட முகம், பல் செட்டு, மருந்து பாட்டில். அதனால் விவாதம் ‘பாவம் அந்த மனுஷன்’ என்ற இடத்தில் நின்றுவிடும் ஆபத்து உண்டு. நடத்துகிறவர்தான், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவளும் ஜீனாதான், கதை முடிந்த பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த வீட்டைத் தாங்குகிறவளும் அவள்தான் என்பதை எடுத்துப் பேச வேண்டும். தவிர, இக்கதையின் திருப்பம் சேர்ந்து சாக முயலும் இருவரைப் பற்றியது. உறுப்பினர் வீட்டில் அண்மையில் அப்படி ஒரு துயரம் நடந்திருந்தால் இதைத் தள்ளிவையுங்கள்.

ஆண்கள் மிகுந்த வட்டத்துக்கும், தோட்டத்தின் பேரில் வங்கிக் கடன் ஏறிக் கிடக்கிறவர்களுக்கும் இது நெருக்கமாக இருக்கும். ஈத்தன் ஓடிப்போகாததற்குக் காரணம் ஒழுக்கம் மட்டுமல்ல. பண்ணையும் மர ஆலையும் அடமானத்தில் இருக்கின்றன, ரயில் கட்டணத்துக்குக்கூட கையில் பணமில்லை. மரம் வாங்கியவரிடம் 50 டாலர் முன்பணம் கேட்க அவன் தயங்கித் தயங்கிப் போகும் பகுதியை, காதல் காட்சிகளைவிட மேலாக நான் மதிக்கிறேன்.

## எ ஜூரி ஆஃப் ஹெர் பியர்ஸ்

என் தேர்வு இதுதான் என்பதை மறைக்கப்போவதில்லை. எனவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1900 டிசம்பரில் அயோவா மாநிலத்தில் ஜான் ஹோசக் என்ற உழவர் தூக்கத்தில் கோடரியால் கொல்லப்பட்டார். மனைவி மார்கரெட் மீது வழக்கு. டெ மாய்ன் நகர நாளிதழின் இளம் நிருபராக இருந்த கிளாஸ்பெல் அந்த வழக்கைப் பற்றித் தொடர்ந்து செய்தி எழுதினார். 1916-இல் அதை ‘டிரைஃபிள்ஸ்’ என்ற ஓரங்க நாடகமாகவும், மறு ஆண்டு இந்தச் சிறுகதையாகவும் ஆக்கினார். கதையில் கோடரி இல்லை, கயிறு இருக்கிறது. பண்ணைக்காரர் ஜான் ரைட் கழுத்து இறுக்கப்பட்டுக் கிடக்கிறார். மனைவி மின்னி சிறையில் இருக்கிறாள். கதையில் ஒரு முறைகூட நேரில் வருவதில்லை. ஷெரிஃபும் அரசு வழக்கறிஞரும் சாட்சியான அண்டைப் பண்ணைக்காரர் ஹேலும் தடயம் தேடி மாடிக்கும் கொட்டகைக்கும் போகிறார்கள். மின்னிக்கு மாற்றுத்துணி எடுக்க வந்த இரு பெண்கள், ஹேலின் மனைவி மார்த்தாவும் ஷெரிஃபின் மனைவியும், அடுப்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். பெண்கள் ஜாடியில் போட்டு வைத்த பழத்தைப் பற்றிக் கவலைப்படுவதை ஆண்கள் சிரித்துவிட்டுப் போக, தடயங்கள் முழுவதும் அந்த அடுப்படியில்தான் கிடக்கின்றன.

பாதியில் விட்ட வேலை ஒன்று. குளிரில் வெடித்த பழ ஜாடிகளுக்கு நடுவே தப்பிய ஒரே ஒரு செர்ரி ஜாடி. ஒட்டுத்துணிப் போர்வையில் அதுவரை ஒழுங்காக ஓடிவந்த தையல் திடீரென்று கோணிப்போன ஒரு துண்டு. கதவு பிய்ந்த பறவைக் கூண்டு. கடைசியில், தையல் சாமான்களுக்கு நடுவே பட்டுத்துணியில் சுற்றிய, கழுத்துத் திருகப்பட்ட கானரிப் பறவை. மார்த்தா அந்தக் கோணல் தையலைப் பிரித்துவிட்டுத் தன் கையால் நேராகப் போடத் தொடங்குகிறாள். வாய்விட்டுச் சொல்லாமலே அவள் எந்தப் பக்கம் போய்விட்டாள் என்பது அந்த ஊசி முனையில் தெரிகிறது. சிறுகதை எழுத விரும்புகிறவர்கள் இந்தப் பத்தியை மட்டும் தனியே உட்கார்ந்து படிக்கலாம்.

ஜான் ரைட் குடிகாரர் அல்லர், கடனை அடைப்பவர், சொன்ன சொல் தவறாதவர். ஊர்க்கணக்கில் நல்ல மனிதர். அண்டைப் பண்ணைக்காரர் கூட்டுச் செலவில் தொலைபேசி போடலாம் என்று கேட்டபோது, ஆட்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பேசுகிறார்கள் என்று மறுத்தவர். அந்த மறுப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. வீடு பள்ளத்தில் இருப்பதும் சாலை கண்ணுக்குத் தெரியாததும் நிலம் செய்த காரியம். தொலைபேசி வராதது மனிதன் செய்த காரியம். தூரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு, மௌனத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தவர் யார் என்று கேட்காமல் போகிற பண்ணைக் கதைகள் நிறைய உண்டு. இந்தக் கதை கேட்கிறது. அதோடு நிற்காமல், இவ்வளவு பக்கத்தில் இருந்தும் ஓராண்டுக்கு மேல் நான் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று மார்த்தாவைத் தன்னையே கேட்கவும் வைக்கிறது. ஷெரிஃபின் மனைவிக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு: டகோட்டாவில் ஹோம்ஸ்டெட் நிலத்தில் இருந்தபோது அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனது, அப்போது வேறு குழந்தை இல்லை. மேலே சொன்ன 160 ஏக்கர் சட்டம் அவளுடைய அந்த ஓரிரு வரிகளில் எப்படிக் கனக்கிறது என்று பாருங்கள்.

இதைக் கூட்டாக வாசிப்பதில் ஒரு வசதி இருக்கிறது. கதையே இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாசிப்பதைப் பற்றியது. ஒருத்தி கண்டதை மற்றொருத்தி முழுமையாக்குகிறாள். ஆகவே அறையிலும் அது தானாக நிகழ்கிறது. எங்கள் பக்கத்து வாசிப்பு ஒன்றில், பெரும்பாறைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் ஒரு மூத்த பெண்மணி, கானரிப் பறவையின் பகுதி முடிந்ததும், “எங்க வீட்டுல அது ரேடியோ, தம்பி. கொடைக்கானல் பண்பலை மட்டுந்தான் எடுக்கும். பேட்டரி தீந்துட்டா வத்தலக்குண்டுல இருந்து வாங்கிட்டு வாங்கன்னு சொல்வேன், மறந்துட்டேன், மறந்துட்டேன்னே வருவாரு” என்றார். பக்கத்தில் இருந்தவர், “மறக்குறதுக்கு என்னக்கா, அந்தப் பேட்டரி ஒரு மூட்டையா?” என்று கேட்க, அறையே சிரித்தது. அவர் கணவரும் அங்கேதான் இருந்தார். அவரும் சிரித்தார், ஆனால் பிந்திச் சிரித்தார். மூன்றாவது அளவுகோலுக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை எனக்குத் தெரியாது.

செலவுகள் இல்லாமல் இல்லை. கணவர் இறந்துபோனவர், தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வழியே இல்லை. எனவே கூட்டம் நீதிமன்றமாக மாறி, கொலை சரியா தவறா என்ற வாக்கெடுப்பில் முடிந்துவிடலாம். தலைப்பை விளக்கவும் சிறிது நேரம் ஒதுக்க வேண்டும். நம் நீதிமன்றங்களில் ஜூரி முறை மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டதால், குற்றம் சாட்டப்பட்டவருக்கு நிகரானவர்களே தீர்ப்புக் கூற வேண்டும் என்ற கொள்கையும், பெண்கள் ஜூரியில் உட்கார முடியாத காலத்தில் ‘அவளுக்கு நிகரானவர்கள்’ யார் என்ற கேள்வியும் இளைய வாசகர்களுக்கு உடனே எட்டுவதில்லை.

## தி கிரிஸாந்திமம்ஸ்

பதினைந்து பக்கங்களுக்குள் அடங்கிவிடும் கதை. 35 வயது எலிசா ஆலன் கம்பி வேலிக்குள் சாமந்திச் செடி வளர்க்கிறாள். 30 மாடுகளை நல்ல விலைக்கு விற்ற மகிழ்ச்சியில் கணவன் ஹென்றி அவளை இரவு உணவுக்கு டவுனுக்கு அழைக்கிறான். இடையில், பாத்திரம் ஒக்கிடும் நாடோடி ஒருவன் வண்டியோடு வருகிறான். முதலில் வேலை எதுவும் இல்லை என்று சொல்கிறவள், அவன் செடிகளைப் பற்றி விசாரித்ததும் மலர்ந்து, தளிர்களைச் சிவப்புத் தொட்டியில் வைத்துக் கொடுக்கிறாள். மாலையில் சாலையோரத்தில் அந்தத் தளிர்கள் கொட்டிக் கிடக்கின்றன. தொட்டியை மட்டும் அவன் வைத்துக்கொண்டான்.

இங்கே தூரம் ஒரு பிரச்சினையே அல்ல. டவுன் கிட்டத்தில்தான் இருக்கிறது; வண்டி இருக்கிறது; கணவன் கெட்டவன் அல்லன், கஞ்சனும் அல்லன். பூக்களைப் பாராட்டும்போதே, இவ்வளவு பெரிதாக ஆப்பிள் விளைவித்துக் கொடுத்தால் நன்றாயிருக்கும் என்கிறான். அந்த ஒரு பேச்சில் அவர்களுடைய மணவாழ்வு முழுவதும் இருக்கிறது. நகரத்திலிருந்து வந்து ஒரே தோட்டத்தில் ஒருவர் வரவு செலவும் மற்றவர் பூச்செடியும் பார்க்கும் தம்பதிகளுக்கு இது சற்றே கூடுதலாக உறைக்கும். கொலை இல்லை, விபத்து இல்லை. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு பெண் அழுகிறாள், அவ்வளவுதான்.

ஒரே அமர்வில் உரக்க வாசித்து, அப்போதே பேசிவிடலாம் என்பது இதன் பெரிய ஆதாயம். சிக்கல், நாடோடியோடு அவள் பேசும் இடத்தில் வெளிப்படும் உடல் சார்ந்த ஏக்கம். ஆசிரியர் அதை மறைவாகவும் எழுதவில்லை, வெளிப்படையாகவும் எழுதவில்லை. சிலர் அதை விட்டுவிட்டு ‘பாராட்டுக்கு ஏங்கினாள்’ என்று மட்டும் பேசுவார்கள். சிலர் அதை மட்டுமே பிடித்துக்கொள்வார்கள். நடத்துகிறவருக்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

## தி கிராஸ் இஸ் சிங்கிங்

நான்கில் மிகக் கடுமையானது இது. நகரத்தில் அலுவலக வேலை பார்த்து நிம்மதியாக இருந்த மேரி, தோழிகள் தன் வயதைக் கேலி செய்வதைக் காதில் வாங்கிய பின், அதிகம் பழக்கமில்லாத டிக் டர்னரை மணந்து அவனுடைய பண்ணைக்குப் போகிறாள். தகரக் கூரை, அடியில் உட்கூரை இல்லை, வெயில் நேராக மண்டையில் இறங்குகிறது. உட்கூரை போடுங்கள் என்று கேட்கிறாள், காசில்லை என்கிறான். ஆனால் தேனீ, பன்றி, வான்கோழி, முயல் என்று ஒன்றன்பின் ஒன்றாக அவன் தொடங்கும் தொழில்களுக்குக் காசு வருகிறது. எல்லாம் நொடித்தும் போகின்றன. புதிதாக நிலம் வாங்கி, இணையத்தில் பார்த்ததையெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் ஒன்றாகத் தொடங்கி விடுகிறவர்களை நான் அறிவேன்; அவர்கள் வீட்டில் இந்த அத்தியாயங்களைத் தனித்தனியாக வாசிப்பதே நல்லது.

இரு தரப்பும் கேட்கும் நாவல் இது. டிக்கின் நிலப்பற்றும் இயலாமையும் ஏளனமில்லாமல் எழுதப்பட்டுள்ளன. மேரி ஒருமுறை நகரத்துக்கே ஓடிப்போய்ப் பழைய வேலையைக் கேட்கிறாள், கிடைப்பதில்லை, கணவன் வந்து அழைத்ததும் திரும்பிவிடுகிறாள். தனிமையிலிருந்து வெளியேறும் கதவு எப்படி மூடிக்கொள்கிறது என்பதை இவ்வளவு தெளிவாக மற்ற மூன்றில் எதுவும் காட்டவில்லை.

ஆனால் இதை இரண்டு வெள்ளையர்களின் தனிமைக் கதையாக மட்டும் வாசிப்பது நேர்மையாகாது. 1930-ஆம் ஆண்டின் நிலப் பங்கீட்டுச் சட்டம் தெற்கு ரொடீசியாவில் நிலத்தை இனவாரியாகப் பிரித்தது. அந்தப் பிரிவின்மேல்தான் டர்னர்களின் பண்ணை நிற்கிறது. மேரி ‘தனியாக’ இருக்கும் இடத்தில் எத்தனையோ கறுப்பினத் தொழிலாளர்கள் நாள் முழுவதும் வேலை செய்கிறார்கள். அவள் கணக்கில் அவர்கள் ஆட்களே அல்லர். நாவல் தொடங்குவதே அவள் கொலையுண்ட செய்தியோடும், வீட்டு வேலைக்காரன் மோசஸ் பிடிபட்டதோடும்தான். எஸ்டேட் பங்களாவில் ஆளே இல்லை என்று சொல்லப்படும்போது, கூப்பிடு தூரத்தில் தொழிலாளர்கள் வசிக்கும் லயன் வீடுகளில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று நாமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் மலைகளுக்கு இந்த நாவல் வைக்கும் கேள்வி, மணவாழ்வைத் தாண்டி, இதுதான். இனவெறிச் சொற்கள் பக்கத்துக்குப் பக்கம் வருவதையும், மோசஸின் உள்மனதுக்குள் நாவல் போவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஓர் அமர்வில் முடியாது; இரண்டு மூன்று கூட்டங்களாவது வேண்டும்.

## சேர்க்காமல் விட்டவை

ரோல்வாகின் ‘ஜயண்ட்ஸ் இன் தி எர்த்’ டகோட்டா குடியேறிகளின் மனப்பிறழ்வைப் பற்றிய பெருநாவல். நீளம் கருதி விட்டேன். ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ ஏன் இல்லை என்று சிலர் கேட்கிறார்கள். நீலகிரிப் படகர் வாழ்வைப் பற்றிய முக்கியமான நாவல் அது. ஆனால் அதில் துன்பப்படுகிறவர்களும் ஹட்டியின் நடுவில், உறவுகளுக்கு நடுவில் இருந்து துன்பப்படுகிறார்கள். தனிவீட்டுக் கதையை முடித்த பின் ஒப்பிட்டுப் பார்க்க அதைப்போல் வேறொன்று கிடைக்காது. ஆனால் இந்தத் தேர்வுக்குள் வராது.

## எந்த வட்டத்துக்கு எது

கணவன் மனைவியராக வருகிறவர்கள் மிகுந்த, ஆங்கிலம் பாதிப் பேருக்குத் தடையாக இருக்கும் வட்டம் கிளாஸ்பெல்லில் தொடங்கட்டும். தமிழாக்கி நகலெடுத்துக் கொடுங்கள்; முடிந்தால், ஆண்கள் மாடியில் பார்த்ததை ஆண்களும் அடுப்படியில் கிடைத்ததைப் பெண்களும் தனித்தனியே பட்டியலிட்டுப் பிறகு ஒன்றாக உட்காரச் சொல்லுங்கள். கூட்டம் நீதிமன்றமாகிவிடும் என்று நான் சொன்ன ஆபத்து இதனால் பெருமளவு குறையும்.

புதிதாகக் குடியேறிய தம்பதிகள் மட்டும் இருந்தால் ஸ்டைன்பெக்கை முதலில் வையுங்கள். டிக் டர்னரை அவர்கள் வீட்டில் வைத்துப் படித்துக்கொள்ளலாம். வார்ட்டனைக் கூட்டாக வாசிப்பதைவிட, மேகம் இறங்கி வாசல் தெரியாத வாரத்தில் ஒருவர் தனியாக வாசிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. கூட்டத்தில்தான் வேண்டும் என்றால், ஜீனாவின் பக்கம் பேச ஒருவரை முன்பே தயார் செய்துவிடுங்கள். லெஸ்ஸிங்கை எடுக்கும் வட்டத்தில், தோட்டம் வைத்திருக்கிறவர்கள் மட்டுமல்லாமல், தோட்டத்தில் வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்தவர்களும் இருக்க வேண்டும். அப்படி ஒருவர்கூட இல்லாத அறையில் அதைத் தொடங்காதீர்கள்.

கூட்டத்தைக் காப்பிப் பழம் பறிப்புக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் எந்திரம் ஓடத் தொடங்கிவிட்டால் மாலையில் யாரும் வரமாட்டார்கள். மழை வலுத்து வத்தலக்குண்டுச் சாலையில் மண் சரிந்து பாதிப் பேர் வரமுடியாமல் போகும் நாளுக்கென்று, எந்த நூலைத் தேர்ந்தெடுத்தாலும், சாமந்திச் செடிக் கதை நடத்துகிறவரின் பையில் இருக்கட்டும். வந்தவர்களை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் வாசித்துவிடலாம்.